போதும் என்று சொல்லாத விளையாட்டு

தாம்பரத்துக்கும் வண்டலூருக்கும் இடையே, ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டி, ஒரு பெரிய ஏரியைத் தன் எல்லையில் கொண்டு அமைந்திருக்கிறது பீர்க்கன்கரணை. நெடுங்காலம் பேரூராட்சியாக இருந்து, 2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சியோடு இணைந்த ஊர் இது. இங்கே வீடு கட்டிக் குடியேறியவர்களில் பலர் சென்னைக்குச் சென்று வேலை பார்ப்பவர்கள். காலை எட்டு மணிக்குள் தெருக்கள் ஓய்ந்துவிடுகின்றன. பெருங்களத்தூர் நிலையத்தில் மின்சார ரயிலைப் பிடிக்க ஓடுவோர் ஓடி முடிந்தபின், வீடுகளில் எஞ்சியிருப்போர் பெரும்பாலும் முதியோரே. அத்தகைய வீடுகளில் ஒன்று நம்முடையது. அங்கே எஞ்சியிருப்பவர் நம் தாயார்.

தந்தையார் இறைவனடி சேர்ந்தபின், சிற்றூரில் இருந்த வீட்டைப் பூட்டிவிட்டு நம்மோடு வந்து தங்கியவர் அவர். வயது எழுபத்தாறு. கண்ணில் சிறிது மங்கல், முழங்காலில் சிறிது வலி, மற்றபடி நலம். சில மாதங்களுக்கு முன் ஒருநாள் இரவு, கல்லூரியில் படிக்கும் நம் மகள் நம்மைத் தனியே அழைத்து ஒரு முறையீடு செய்தாள்.

"அப்பா, பாட்டியை நீங்கள்தான் கேட்க வேண்டும். என் பழைய கணிப்பொறியில் கல் சேர்க்கும் விளையாட்டை ஓயாமல் விளையாடுகிறார்கள். விடுமுறை நாளில் பார்க்கிறேன், கூப்பிட்டால்கூடக் காதில் விழுவதில்லை."

"அதை யார் கற்றுக் கொடுத்தது?" என்று கேட்டோம்.

"நான்தான். ஆனால் பாட்டியேதான் வந்து கேட்டார்கள்."

இந்த இரண்டாவது வாக்கியத்தை அன்று நாம் கவனிக்கவில்லை. வயதான காலத்தில் செபமாலையும் கையுமாக இருக்க வேண்டியவர் கணிப்பொறி முன் அமர்ந்து வண்ணக் கற்களைத் தட்டிக்கொண்டிருக்கிறாரே என்ற கவலைதான் முன்னே வந்தது. தக்க சமயம் பார்த்துப் பக்குவமாக எடுத்துச் சொல்வதென்று முடிவு செய்தோம். எடுத்துச் சொல்லும் தகுதி நமக்கு உண்டா என்று எண்ணிப் பார்க்கவில்லை.

அறுபத்து நான்கு கட்டங்கள்

இந்த விளையாட்டை அறியாத வாசகர்களுக்காகச் சிறிது விளக்குவோம். கணிப்பொறியின் வலை உலாவியைத் திறந்து, விளையாட்டு இருக்கும் தளத்துக்குச் சென்றால் போதும். வேறெதையும் வாங்கவோ பதிக்கவோ வேண்டியதில்லை. திரையில் எட்டுக்கு எட்டாக அறுபத்து நான்கு கட்டங்கள் தோன்றும். ஒவ்வொன்றிலும் ஒரு மணிக்கல். கற்கள் மொத்தம் ஏழு வகை. வெள்ளை உருண்டை, சிவப்புச் சதுரம், ஊதா முக்கோணம் என நிறத்தாலும் வடிவத்தாலும் வேறுபட்டவை. அடுத்தடுத்துள்ள இரண்டு கற்களை இடம் மாற்ற வேண்டும். அதனால் ஒரே வகைக் கற்கள் மூன்றோ அதற்கு மேலோ ஒரே வரிசையில் சேர்ந்தால், அவை மினுக்கிட்டு மறையும். மேலிருக்கும் கற்கள் கீழே சரியும். காலியான இடங்களை நிரப்பப் புதுக் கற்கள் மேலிருந்து விழும். அவ்வளவே விளையாட்டு.

அறுபத்து நான்கு கட்டங்களில் அடுத்தடுத்த இணைகள் நூற்றுப் பன்னிரண்டு. அவற்றுள் எந்த இணையை மாற்றினால் மூன்று சேரும் என்று கண்டுபிடிப்பதே கண்ணின் வேலை. எழுதப் படிக்கத் தெரியாதவரும் ஐந்து நிமிடத்தில் கற்றுக்கொள்ளலாம். ஆயினும் இதை எளியதென்று ஒதுக்க இயலாது. இவ்வகை விளையாட்டைப் பெரிதாக்கி, குறித்த புள்ளிகளை எட்ட வழி உண்டா இல்லையா என்று தீர்மானிப்பது, கணிப்பொறிகளுக்கே மிகக் கடினமான கணக்குகளின் வரிசையில் சேர்வது என்று 2014-இல் இத்தாலிய அறிஞர் மூவர் நிறுவினர். குழந்தை விளையாடும், முழுமையாகத் தீர்க்கவோ பெரும் கருவிகளும் திணறும்.

எங்கிருந்து வந்தது?

நிறம் சேர்த்து மறையச் செய்யும் இந்த முறை புதியதன்று. 1994-இல் ருஷ்ய நாட்டு நிரலாளர் எவ்கெனி அலெம்ஷின் என்பவர் 'ஷரிக்கி' என்றொரு விளையாட்டை அமைத்தார். அச்சொல்லுக்குச் சிறு உருண்டைகள் என்பது பொருள். அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன், 1984-இல், மாஸ்கோவில் அலெக்சி பஜித்னோவ் உருவாக்கிய 'டெட்ரிஸ்' உலகெங்கும் பரவியதை நம்மில் பலர் அறிவோம்.

2000-ஆம் ஆண்டில், ஜான் வெச்சி, பிரையன் ஃபியட், ஜேசன் கபால்கா என்னும் மூன்று இளைஞர்கள் அமெரிக்காவில் ஒரு சிறு நிறுவனத்தைத் தொடங்கினர். பின்னர் 'பாப்கேப்' எனப் பெயர்பெற்ற நிறுவனம் அதுவே. அவர்கள் வலை உலாவியில் ஆடத்தக்கதாகச் செய்த மணிக்கல் விளையாட்டுக்கு முதலில் இட்ட பெயர் 'டயமண்ட் மைன்'. அதாவது வைரச் சுரங்கம். மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் விளையாட்டுத் தளத்தில் இடம்பெற்றபோது அது 'பிஜுவெல்டு' என்று பெயர் மாறியது. அலுவலக மேசைகளில் உணவு இடைவேளையின்போது ஆடப்பெற்று, வீடுகளுக்குள்ளும் புகுந்தது. 2011-இல் பெரும் விளையாட்டு நிறுவனமாகிய எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் பாப்கேப்பை விலைக்கு வாங்கியது. 2012-இல் 'கிங்' என்னும் நிறுவனம் கற்களுக்குப் பதிலாக மிட்டாய்களை வைத்து 'கேண்டி கிரஷ் சாகா'வை வெளியிட, அது கைப்பேசி வழியே நம் ஊர் ரயில் பெட்டிகளுக்கும் பேருந்துகளுக்கும் வந்து சேர்ந்தது.

கை ஏன் ஓய்வதில்லை?

இத்தனை எளிய ஒன்று ஏன் இத்தனை பேரைக் கட்டிப் போடுகிறது? இதற்கு மூன்று காரணங்களைக் கூறலாம்.

முதலாவது, ஒவ்வொரு சில நொடியிலும் ஒரு சிறு வேலை முடிகிறது. வாழ்க்கையில் அங்ஙனம் முடிவதில்லை. வங்கிக் கடன் முடியப் பல ஆண்டுகள். மகளின் படிப்பு முடியச் சில ஆண்டுகள். அலுவலகக் கோப்பு எப்போது முடியுமென்று அதனை எழுதியவருக்கே தெரியாது. இங்கோ மூன்று கற்கள் சேர்ந்தால் காரியம் முடிந்தது. கலைந்து கிடந்ததை ஒழுங்கு செய்தோம் என்ற நிறைவு உடனே கிடைக்கிறது. திறமைக்கு ஏற்ற அளவு சவால் கிடைக்கும்போது மனிதன் தன்னையும் நேரத்தையும் மறந்து ஒன்றில் கரைந்துபோகும் நிலையை, அங்கேரிய மரபினரான உளவியல் அறிஞர் மிஹாய் சிக்சென்ட்மிஹாய் விரிவாக ஆராய்ந்து 1990-இல் ஒரு நூலாக வெளியிட்டார். அந்நிலை தன்னளவில் தீயதன்று. கோலமிடும் பெண்ணும் தறியில் அமரும் நெசவாளியும் அதை அறிவர்.

இரண்டாவது, எதிர்பாராத பரிசு. நாம் மூன்று கற்களைச் சேர்க்கிறோம், அவை மறைய, மேலிருந்து சரியும் கற்கள் தாமாகவே வேறு மூன்றாகச் சேர்ந்து மறைகின்றன, அதன்மேல் இன்னொன்று. இது நம் திறமையன்று, தற்செயல். ஆயினும் மனம் அதைத் தன் வெற்றியாகவே கொள்கிறது. அமெரிக்க உளவியலார் ஸ்கின்னரும் ஃபெர்ஸ்டரும் புறாக்களை வைத்துச் செய்த சோதனைகளை 1957-இல் நூலாக்கினர். கொத்தினால் எப்போதும் தானியம் விழும் என்றிருப்பதைவிட, எப்போது விழுமென்று தெரியாதிருக்கும்போது புறா விடாது கொத்திக்கொண்டே இருக்கிறது என்பது அவற்றால் தெளிந்த உண்மைகளுள் ஒன்று. நம் விரலும் ஏறத்தாழ அந்தப் புறாவின் அலகுதான்.

மூன்றாவது காரணமே நாம் முக்கியமாகக் கருதுவது. இந்த விளையாட்டுக்குப் போதும் என்று சொல்லத் தெரியாது. மாற்றுவதற்கு இணை ஏதும் இல்லாதபோது ஆட்டம் முடியும் என்பது உண்மையே. ஆனால் முடிந்த கணமே, மறுபடி ஆடலாமா என்று திரை கேட்கிறது. 2010-இல் வெளிவந்த மூன்றாம் பதிப்பிலோ முடிவே இல்லாத ஆட்டமுறை ஒன்றையும் சேர்த்துவிட்டார்கள். சோறு உண்டால் வயிறு நிறைகிறது. கதை கேட்டால் கதை முடிகிறது. பூசைக்குச் சென்றால் சென்று வாருங்கள் என்று குருவே அனுப்பி வைக்கிறார். இதில் மட்டும் அனுப்பி வைப்பார் எவருமில்லை.

வண்டலூரில் இறங்கிய கதை

இவற்றையெல்லாம் நாம் நூலில் மட்டும் படித்து அறிந்தோமில்லை. தாயாரைத் திருத்தக் கிளம்பிய நாம், பல மாதங்களாகவே அந்தக் கற்களுக்கு அடிமைப்பட்டிருந்தவர்தாம்.

மாலையில் எழும்பூரில் ரயிலேறினால் பெருங்களத்தூர் வரை ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவான பயணம். நாளெல்லாம் எண்களோடு மல்லாடிய மூளைக்கு அந்த நேரத்தில் கற்கள் இதமாக இருந்தன. அதில் குற்றமென்று இன்றும் சொல்லமாட்டோம். இத்தகைய சிறு விளையாட்டுகள் மன இறுக்கத்தைத் தணிக்கின்றன என்று அமெரிக்காவின் கிழக்கு கரோலினா பல்கலைக்கழகத்தார் 2009-இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். பொருளுதவி செய்தது பாப்கேப் நிறுவனமே என்பதால் அதைச் சற்றுத் தள்ளி வைத்துப் பார்க்க வேண்டும். எனினும் களைப்பில் கைகொடுக்கிறது என்பது நாம் கண்ட அனுபவம்.

ஒருநாள் தாயாரைக் கண் மருத்துவரிடம் அழைத்துச் செல்வதாகச் சொல்லியிருந்தோம். இரவு ஏழு மணிக்கு நேரம் குறித்தாயிற்று. நாம் ஏறியது செங்கற்பட்டு வண்டி. தாம்பரம் வந்தது தெரியும். இந்த ஆட்டம் முடியட்டும் என்று எண்ணியதும் தெரியும். தலை நிமிர்ந்தபோது வெளியே வண்டலூர் என்ற பெயர்ப்பலகை நின்றது. இறங்கி, எதிர்த்திசை வண்டிக்காகக் காத்திருந்து, வீடு வந்து சேர்ந்தபோது மணி ஏழே முக்கால். தாயார் வெளுத்த சேலை உடுத்தி, பழைய மருந்துச் சீட்டுகளை ஒரு மஞ்சள் பையில் வைத்துக்கொண்டு, வாசற் படியருகே நாற்காலியில் அமர்ந்திருந்தார்.

"வண்டி தாமதம் அம்மா" என்றோம்.

"பரவாயில்லை தம்பி, கண் எங்கே ஓடிவிடப் போகிறது? இன்னொரு நாள் போவோம்" என்றார்.

வாய் கூசாமல் சொன்ன பொய் அது. வண்டி தாமதமாகவில்லை. நாமே தாமதமானோம். மறுவாரம் மருத்துவரிடம் சென்று வந்தோம்; அதோடு அதை மறந்தும் போனோம்.

தாயார் தந்த விடை

மகளின் முறையீட்டுக்குப் பின் இரண்டு வாரம் கழித்து, அரைநாள் விடுப்பில் பிற்பகல் மூன்று மணிக்கு வீடு திரும்பினோம். கதவு சாத்தியிருக்கவில்லை. தாயார் கணிப்பொறியின் முன் இருந்தார். நாம் வந்ததை அவர் அறியவில்லை. சிறிது நேரம் நின்று பார்த்தோம். ஒரு கல்லை நகர்த்துவார். சன்னல் வழியே தெருவைப் பார்ப்பார். மீண்டும் ஒரு கல். அவசரமே இல்லை. புள்ளிகள் எத்தனை என்று அவர் பார்த்ததாகவே தெரியவில்லை.

மூன்றே முக்காலுக்குத் தெருமுனையில் பள்ளி வேன் ஒலி எழுப்பியது. ஆட்டம் பாதியில் இருந்தது. தாயார் அதைத் திரும்பியும் பாராமல் எழுந்து வெளியே சென்று, அண்டை வீட்டுச் சிறுவனைக் கைப்பிடித்து அழைத்து வந்தார். அவன் பெற்றோர் வேலை முடிந்து வரும்வரை நாள்தோறும் அவன் நம் வீட்டில்தான் இருக்கிறான் என்பது அன்றுதான் நமக்குத் தெரியும்! அவனுக்குப் பாலும் ரொட்டியும் தந்தார்; எழுத்துப் பாடம் எழுத வைத்தார். திரையில் கற்கள் கேட்பாரற்று மின்னிக்கொண்டிருந்தன.

நாம் பேச வந்ததை எப்படித் தொடங்குவதென்று தயங்கி, இரவு உணவுக்குப் பின், "அம்மா, பகலெல்லாம் அந்த விளையாட்டு ஆடுகிறீர்களாமே, கண்ணுக்கு ஆகுமா?" என்று மட்டும் கேட்டோம்.

அவர் சினங்கொள்ளவில்லை. "நீங்கள் மூவரும் காலை ஏழரைக்குப் போனால் இரவு ஏழரைக்குத்தானே வருகிறீர்கள் தம்பி? சமையல், துணி, செபம் எல்லாம் போக எவ்வளவு நேரம் மிச்சம் என்று எனக்குத்தான் தெரியும். ஊரில் இருந்தால் திண்ணையில் நாலு பேர் வருவார்கள். இங்கே கதவுக்குக் கதவு பூட்டு" என்றார். சற்று நேரம் பேசாமலிருந்து, பிறகு சொன்னார்: "ஆனால் நான் அதற்காகத் தொடங்கவில்லை. அன்றைக்குக் கண் மருத்துவரிடம் போக உனக்காகக் காத்திருந்தேனே, நீ படியேறி வரும்போது உன் கையில் அது மின்னிக்கொண்டிருந்தது. வீட்டுக்கு வந்த பிறகும் நீ அதைத்தான் பார்த்துக்கொண்டிருப்பாய். என் பிள்ளை அப்படி என்னதான் பார்க்கிறான் என்று பார்க்கத்தான் குழந்தையிடம் கேட்டுக் கற்றுக்கொண்டேன்."

நமக்குப் பேச நா எழவில்லை. தாமதமானது வண்டியன்று என்பதை அவர் அன்றே அறிந்திருந்தார். அறிந்தும் நம் முகம் வாடக்கூடாதென்று ஏற்றுக்கொண்டார்.

"பார்த்தீர்களா அம்மா? என்ன இருக்கிறது அதில்?" என்று மெல்லக் கேட்டோம்.

"நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எதிரே ஆள் இல்லையே" என்றார் தாயார்.

எதிரே ஓர் ஆள்

இந்த ஒரு சொல்லில் எல்லாம் அடங்கியிருப்பதாக நமக்குத் தோன்றுகிறது. நம் பாட்டிமார் ஆடிய பல்லாங்குழியை எண்ணிப் பாருங்கள். ஒரு பக்கம் ஏழு, மறுபக்கம் ஏழு, ஆகப் பதினான்கு குழிகள். புளியங்கொட்டையோ சோழியோ இருந்தால் போதும். கண்ணுக்கும் விரலுக்கும் கணக்குக்கும் அதிலும் வேலை உண்டு. எதிர்பாராமல் கை நிறையும் மகிழ்ச்சியும் உண்டு. ஆனால் எதிரே ஒருவர் அமர்ந்தாலன்றி ஆட்டமில்லை. அவருக்கு வேலை வந்தால் ஆட்டம் நிற்கும். அவர் சலித்துக்கொண்டால் ஆட்டம் நிற்கும். ஒருவர் குழிகள் வறண்டால் ஆட்டம் முடியும். மூன்று புலியும் பதினைந்து ஆடும் கொண்ட ஆடுபுலி ஆட்டமும் அப்படியே. போதும் என்ற சொல்லை அவ்விளையாட்டுகள் எதிரே அமர்ந்த மனிதரின் வாயில் வைத்திருந்தன. அவர் சொல்லாவிட்டால் அடுக்களையிலிருந்து ஒரு குரல் சொல்லும்.

திரையில் ஆடும் விளையாட்டில் அந்த ஆளை எடுத்துவிட்டார்கள். ஆகவே போதும் என்னும் சொல்லை ஆடுபவரே கையோடு கொண்டு செல்ல வேண்டியதாகிறது. நம் தாயார் அதைக் கொண்டு சென்றார். பள்ளி வேனின் ஒலி அவருக்குப் போதுமானதாக இருந்தது. நாம் கொண்டு செல்லவில்லை. வண்டலூர்ப் பெயர்ப்பலகை வந்து நமக்கு அதைச் சொல்ல வேண்டியிருந்தது.

அளவறிந்து ஆடுதல்

விளையாட்டே பாவமென்று திருச்சபை ஒருபோதும் போதித்ததில்லை. பதின்மூன்றாம் நூற்றாண்டில் வாழ்ந்த புனித தோமா அக்குவினாஸ், உடல் களைப்புக்கு ஓய்வு தேவைப்படுவதைப் போல உள்ளத்தின் களைப்புக்கும் விளையாட்டு தேவை என்றும், அளவோடு விளையாடத் தெரிவதே ஒரு நற்பண்பு என்றும் எழுதினார். எப்போதும் நாணேற்றி வைத்த வில் முறிந்துபோகும் என்று புனித அருளப்பர் கூறியதாக வழங்கும் பழைய கதையையும் அவர் அங்கே எடுத்தாண்டார். அதே இடத்தில் மூன்று எச்சரிக்கைகளையும் தந்தார். இழிவானதில் இன்பம் தேடலாகாது. உள்ளத்தின் சமநிலையை முற்றிலும் இழந்துவிடலாகாது. ஆளுக்கும் நேரத்துக்கும் இடத்துக்கும் விளையாட்டு பொருந்த வேண்டும். மணிக்கல் விளையாட்டில் முதல் எச்சரிக்கைக்கு இடமில்லை. நாம் தவறியது மற்ற இரண்டில்தான்.

காலஞ்சென்ற திருத்தந்தை பிரான்சிஸ் 2016-இல் குடும்ப அன்பைக் குறித்து எழுதிய ஊக்கவுரையிலும் இது இடம்பெறுகிறது. உணவு வேளையில் ஆளுக்கொரு கைப்பேசியில் மூழ்கியிருப்பதையும், ஒருவர் மணிக்கணக்காக மின்கருவியில் விளையாடிக்கொண்டிருக்க வாழ்க்கைத்துணை காத்திருந்து காத்திருந்து உறங்கிப்போவதையும் அவர் சுட்டிக்காட்டினார். துணையை மட்டுமன்று, தாயையும் அங்ஙனம் காத்திருக்க வைக்கலாம் என்பதை நாம் வீட்டிலேயே கண்டோம்.

மருத்துவ உலகமும் இதைக் கவனித்துள்ளது. உலக நலவாழ்வு நிறுவனம் 2019-இல் ஏற்று, 2022 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்த நோய் வகைப்பட்டியலில், மின்விளையாட்டுக்கு அடிமைப்படுதல் ஒரு கோளாறாக இடம்பெற்றிருக்கிறது. ஆட்டத்தைக் கட்டுப்படுத்த இயலாமை, மற்றக் கடமைகளுக்கெல்லாம் மேலாக அதை வைத்தல், தீங்கு விளைந்தபின்னும் தொடர்தல் ஆகியவை அதன் அறிகுறிகள். அவை பொதுவாக ஓராண்டேனும் நீடித்திருக்க வேண்டும். ஓய்வு நேரத்தில் அரைமணி ஆடுபவரை நோயாளியென்று எவரும் சொல்லவில்லை. வீட்டில் பிள்ளைகளை அவசரப்பட்டு அப்படி அழைத்துவிடவும் வேண்டாம்.

சூதையும் இதையும் ஒன்றாகக் குழப்புதலும் தவறே. பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடுக்க நம் மாநிலச் சட்டமன்றம் 2022-இல் சட்டம் இயற்றியது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமும் நாடு முழுமைக்குமாக ஒரு சட்டம் நிறைவேற்றியது. பணயமில்லாத மணிக்கல் ஆட்டம் அவ்வகையைச் சேர்ந்ததன்று. ஆனாலும் ஒரு செய்தியைப் பெற்றோர் அறிந்திருக்க வேண்டும். பழைய உலாவி விளையாட்டில் எத்தனை முறை வேண்டுமானாலும் ஆடலாம். கேண்டி கிரஷ் போன்றவற்றிலோ ஐந்து உயிர்கள் மட்டுமே. தோற்றால் ஓர் உயிர் போகும். அது திரும்ப அரைமணி நேரம் காத்திருக்க வேண்டும். காத்திருக்க மனமில்லாதவர் காசு கொடுத்து வாங்கலாம். கேட்பதற்குப் போதும் என்று சொல்வதைப் போலத்தான் இருக்கிறது. உண்மையில் நம் பொறுமையின்மைக்கு விலை வைத்திருக்கிறார்கள். பெற்றோரின் கைப்பேசியில் பிள்ளைகள் ஆடும் வீடுகளில், பணம் செலுத்தும் வழியைப் பூட்டி வைப்பது நலம்.

நம் வீட்டில் இப்போது

அன்றிரவுக்குப் பின் நம் வீட்டில் பெரும் மாற்றம் நிகழ்ந்துவிட்டதென்று சொல்லி வாசகரை மயக்க விரும்பவில்லை. மூன்று சிறு ஏற்பாடுகளைச் செய்துகொண்டோம். ரயிலில் ஆடுகிறோம், ஆனால் தாம்பரம் நிலையம் வந்ததும், ஆட்டம் எந்நிலையில் இருந்தாலும், கைப்பேசி பைக்குள் போகிறது. இரவு உணவு தொடங்கிச் செபமாலை முடியும்வரை நால்வரின் கைப்பேசிகளும் அலமாரியில் இருக்கின்றன. ஊர் வீட்டுப் பரணிலிருந்து எடுத்து வந்த பல்லாங்குழிப் பலகையில், ஞாயிறு பிற்பகலில் தாயாரோடு ஆடுகிறோம். இதுவரை ஒருமுறையும் நாம் வென்றதில்லை. இரண்டு முறை இரவில் அலமாரியைத் திறந்துவிட்டோம். அதை மகள் நாட்காட்டியில் குறித்து வைத்திருக்கிறாள்.

தாயார் கணிப்பொறி விளையாட்டை விட்டுவிடவில்லை. விடும்படி நாம் சொல்லவும் இல்லை. ஆளில்லாத பகலில் அது அவருக்கு ஒரு துணை. அதைப் பிடுங்குவதற்கு முன், அதற்கு ஈடாக நாம் எதைத் தருவோம் என்று நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டுமல்லவா? திரைக்கு முன்னே ஒரு முதியவரோ ஒரு பிள்ளையோ நெடுநேரம் அமர்ந்திருக்கக் கண்டால், எத்தனை மணி நேரம் ஆடினாய் என்ற கேள்வியை விட, எத்தனை மணி நேரம் தனியாக இருந்தாய் என்ற கேள்வியே முதலில் எழட்டும்.

சென்ற வாரம் மீண்டும் கண் மருத்துவரிடம் செல்ல வேண்டிய நாள். தாம்பரம் வந்தது, கைப்பேசி பைக்குள் போயிற்று. பெருங்களத்தூரில் இறங்கி வீட்டை அடைந்தபோது மணி ஆறரை. தாயார் இன்னும் சேலை மாற்றியிருக்கவில்லை.

"என்ன தம்பி, இவ்வளவு சீக்கிரம் வந்துவிட்டாய்? வண்டி முன்னாலேயே வந்துவிட்டதோ?" என்றார். அவர் உதட்டோரம் ஒரு புன்னகை இருந்தது.